திருகு முட்டிவிட்டது, குறை ஸ்கோப்பிலா, பொருத்தியதிலா?

கேள்வி: எங்கள் மாந்தோப்பில் மணல் மூட்டை அடுக்கி, காகித இலக்கில் சுட்டுப் பழகுகிறேன். குழலை மடக்கி லோடு செய்யும் 0.177 அங்குல ஸ்பிரிங் ஏர் ரைபிள். 50 மீட்டர் வரை போகலாமே என்று ஆன்லைனில் ஒரு ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) வாங்கினேன். 25 மீட்டரில் உயரத் திருகை மேலே முட்டும்வரை திருப்பியும் பெல்லட் (சிறு ஈயக்குண்டு) 9 செ.மீ. கீழேதான் படுகிறது. திருப்பி எடுக்கச் சொன்னால், "பொருத்திப் பார்த்துவிட்டீர்கள், எடுக்க முடியாது" என்கிறார் விற்றவர். வேலூர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: போகலாம். ஆனால் அதற்கு முன்னால் அரை மணி நேரம் ஒதுக்கி ஒரு சோதனை செய்துவிடுங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம் ஸ்கோப்பின் மேல் இல்லை.

மடக்கும் குழல் உள்ள துப்பாக்கிகளில் பூட்டு விழும் இடத்தில் குழல் முனை லேசாகக் கீழே சாய்ந்திருப்பது சாதாரணம். கூடவே வரும் சாதா சைட் குழலின் மேலேயே இருப்பதால் அதில் இது தெரியாது. ஸ்கோப் உட்காருவதோ பின்பக்க உடலில். ஆக, ஸ்கோப் ஒரு திசை பார்க்கிறது, குழல் அதற்குக் கீழே பார்க்கிறது.

பழைய போட்டோ நெகட்டிவ் வீட்டில் இருக்கும், தேடுங்கள். இரண்டு சிறு துண்டுகளை வெட்டி, ஸ்கோப்பைப் பிடிக்கும் இரண்டு வளையங்களில் (ரிங்) பின்னால் உள்ளதன் அடிப்பாதியில் ஸ்கோப்புக்குக் கீழே வைத்து மூடுங்கள். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 0.3 மி.மீ. இரு ரிங்குக்கும் இடைவெளி 10 செ.மீ. என்றால், 25 மீட்டரில் பெல்லட் சுமார் 7 செ.மீ. மேலே ஏற வேண்டும். ஏறினால் ஸ்கோப் நல்ல ஸ்கோப். வாங்க வேண்டியது சாய்வைச் சரிசெய்யும் மவுண்ட், அதாவது ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிணைக்கும் தாங்கி. நெகட்டிவை மேலும் மேலும் அடுக்காதீர்கள், ஸ்கோப்பின் குழாய் வளையும். திருகை முட்டிய நிலையிலேயே விட்டும் சுடாதீர்கள். உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குக்குப் பிடிப்பு போய், ஒவ்வொரு குண்டும் ஒவ்வோர் இடத்தில் விழும். திருகு நடுவாக்கில் நிற்க வேண்டும்.

இன்னொன்று. ஸ்பிரிங் ரைபிள் முதலில் பின்னால் உதைக்கும். உள்ளே பிஸ்டன் போய் முட்டியதும் முன்னால் இழுக்கும். இந்த இரட்டை உதைப்பைத் தாங்கும் என்று பெட்டியில் எழுதியிருக்கிறதா பாருங்கள். பெரிய ரைபிளுக்கென்று செய்த விலை உயர்ந்த ஸ்கோப்கூட இதில் உடைந்திருக்கிறது. எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பதற்குக் கொடுக்கிற காசில் ஒரு பங்கை நல்ல மவுண்டுக்குக் கொடுங்கள் என்று நான் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்வது இதனால்தான்.

மறுபடி பொருத்தும்போது துப்பாக்கியில் மவுண்ட் உட்காரும் பள்ளத்திலும் ரிங்கிலும் உள்ள எண்ணெயைச் சுத்தமாகத் துடையுங்கள். மவுண்டின் அடியில் ஒரு முள் இருந்தால் அது துப்பாக்கியில் உள்ள துளையில் உட்கார வேண்டும். இல்லாவிட்டால் உதைக்க உதைக்க மவுண்ட் நகரும். கொத்தனாரிடம் தூக்குக்குண்டு வாங்கித் தொங்கவிட்டு, ரசமட்டம் வைத்துத் துப்பாக்கியை நேராக நிறுத்தி, ஸ்கோப்பின் நெடுக்குக் கோட்டை அந்த நூலோடு ஒட்டிப் பாருங்கள். கோடு சாய்ந்திருந்தால் கிட்டத்தில் தெரியாது, 50 மீட்டரில் பக்கவாட்டில் இழுத்துவிடும். ரிங் ஸ்க்ரூக்களைக் கார் சக்கரத்துக்குப் போடுவதுபோல மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். 2 நியூட்டன் மீட்டருக்கு மேல் வேண்டாம். பலம் போட்டால் குழாயில் தழும்பு விழும், அதையே காட்டி வாரண்டி மறுப்பார்கள்.

அப்புறம் ஜீரோ, அதாவது குறிபார்க்கும் இடத்திலேயே குண்டு படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்வது. 10 மீட்டரில் ஆரம்பியுங்கள். ஒரு குண்டைப் பார்த்துத் திருகைத் தொடாதீர்கள். ஐந்து சுட்டு, அந்தக் கூட்டத்தின் நடுவை அளந்து கொள்ளுங்கள். கால் எம்ஓஏ (எம்ஓஏ என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு) திருகில் ஒரு கிளிக் 25 மீட்டரில் 1.8 மி.மீ. நகர்த்தும். அந்தத் தூரத்தில் கூட்டம் 36 மி.மீ. கீழே, 18 மி.மீ. வலப்பக்கம் என்றால் மேலே 20 கிளிக், இடப்பக்கம் 10. துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்காமல் விரித்த உள்ளங்கையில் வைத்துச் சுடுங்கள். மூட்டைமேல் நேராக வைத்தால் உதைப்பு மாறி ஜீரோவும் மாறும். காற்று எழும்பாத அதிகாலை நல்லது. மே மாத வெயிலில் ஸ்கோப்பைக் காருக்குள் விட்டுப் போகாதீர்கள்.

நெகட்டிவ் வைத்தும் குண்டு ஏறவில்லை, அல்லது 20 கிளிக் மேலே, 20 கீழே திருப்பியும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை என்றால் குறை ஸ்கோப்பில்தான். இரண்டையும் வீடியோ எடுத்து வையுங்கள். 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க விற்றவர் மறுக்க முடியாது. பொருத்திப் பார்க்காமல் ஸ்கோப்பின் குறை எப்படித் தெரியும்? தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். அசையவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். அதற்கும் மேலே ஆணையம். விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் மனு போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது.

கேள்வி: மகள் 10 மீட்டர் ஏர் ரைபிள் பயிற்சிக்குப் போகிறாள். ஸ்கோப் வாங்கித் தரலாமா?
– ஒரு தாய், ராணிப்பேட்டை

பதில்: வேண்டாம் அம்மா. அந்தப் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதி இல்லை. சிறு துளை வழியாகப் பார்க்கும் பீப் சைட்தான். அந்தப் பணத்தைப் பெல்லட்டுக்கும் உடலுக்குச் சரியான ஜாக்கெட்டுக்கும் வையுங்கள். பெல்லட் ஈயம், சுட்டு முடித்ததும் சாப்பிடுவதற்கு முன்னால் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள்.