நர்ஸ் மிஸியிடம் கேளுங்கள்: ஆறாம் நம்பர் கிளவ்ஸ்

கேள்வி: மிஸி அன்ரி, ஏ.எல். பயோ படிக்கிறேன். சர்ஜனாக வர ஆசை. "டொக்டராகு, சந்தோஷம். ஆனால் இந்தச் சின்னக் கையால் என்னத்தை வெட்டப் போகிறாய்?" என்று அப்பா சிரிக்கிறார். அந்தக் காலத்திலேயே பெண் சர்ஜன் யாராவது இருந்தார்களா? அப்பாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.
— மாணவி, உப்புவெளி

பதில்: மகள், முதன்முதல் ஆள் யார் என்று மட்டும் கேட்காதே. ஒவ்வொரு நாட்டுக்காரரும் ஒவ்வொரு பெயர் சொல்வார்கள். எனக்குப் பிடித்த ஆளைச் சொல்கிறேன்: மேரி ஷார்லீப்.

1845இல் லண்டனில் பிறந்தவர். பாரிஸ்டர் ஒருவரைக் கலியாணம் கட்டி, 1866இல் சென்னைக்கு வந்தார். அங்கே கோஷா வீட்டுப் பெண்கள், அதாவது பிற ஆண்கள் கண்ணில் படாமல் திரைக்குள் வாழ்ந்த பெண்கள், பிரசவத்தில் படும் பாடு காதில் விழுந்தது. ஆண் டொக்டர் உள்ளே வரக்கூடாது. வரக்கூடிய பெண் டொக்டர் ஊரில் இல்லை. பிள்ளை குறுக்கே கிடந்தால் தாயும் போவாள், பிள்ளையும் போகும். ஷார்லீப் முதலில் மருத்துவிச்சி வேலை பழகினார். பழகிப் பார்த்த பிறகுதான் அது காணாது என்று விளங்கியிருக்கிறது.

அந்த நேரம் லண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் கொடுப்பதில்லை. ஆனால் சென்னை மருத்துவக் கல்லூரி 1875இல் நாலு பெண்களைச் சேர்த்தது. அந்த நாலு பேரில் ஷார்லீப்பும் ஒருவர். வயது முப்பது, மூன்று பிள்ளைகளுக்குத் தாய். (இந்த இடத்தை அப்பாவுக்கு ஆறுதலாக வாசி.) 1878இல் சென்னையில் பாஸ் பண்ணிவிட்டு லண்டனுக்குப் போனார். அதற்குள் அங்கேயும் கதவு திறந்துவிட்டது. 1882இல் பட்டம், மகப்பேற்றுப் பாடத்தில் தங்கப் பதக்கம். அடுத்த வருடமே திரும்பி வந்து, 1885இல் கோஷாப் பெண்களுக்கென்று ஓர் ஆஸ்பத்திரி தொடங்க வைத்தார். இன்றைக்கும் திருவல்லிக்கேணியில் "கோஷா ஆஸ்பத்திரி" என்றால் சனத்துக்குத் தெரியும். பெயர்ப் பலகையில் கஸ்தூர்பா காந்தி என்று இருக்கும்.

உடம்புக்கு முடியாமல் 1887இல் லண்டனுக்கே போய்விட்டார். போய் ஓய்ந்திருக்கவில்லை. எலிசபெத் காரெட் அன்டர்சன் நிறுவிய பெண்கள் ஆஸ்பத்திரியில் சர்ஜனாகி, வயிற்று ஒப்பரேஷன்களில் பெயரெடுத்தார். 1902இல் ரோயல் ஃப்ரீ ஆஸ்பத்திரி அவரைப் பெண்நோய்ப் பிரிவுக்கு எடுத்தது. 1930இல் இறந்தார்.

இனி உன் சின்னக் கைக்கு வருகிறேன். ஷார்லீப் தொழில் பழகிய காலத்தில் ரப்பர் கிளவ்ஸே கிடையாது. அமெரிக்காவில் 1889, 90 வாக்கில்தான் அது ஒப்பரேஷன் தியேட்டருக்குள் வந்தது. அதுவும் சர்ஜனுக்காக இல்லை. கிருமிநாசினியில் கை புண்ணாகிப்போன ஒரு தியேட்டர் மிஸிக்காக! (எங்கள் சாதிக்கு இந்தப் பெருமையாவது இருக்கட்டும்.)

நான் தியேட்டரில் நின்ற நாளில், ஓர் ஆஸ்பத்திரிக்கு முதல் தடவையாகப் பெண் சர்ஜன் ஒருவர் மாற்றலாகி வந்தார். அலுமாரியில் இருந்த கிளவ்ஸ் ஏழாம் நம்பரும் ஏழரையும்தான். அவருக்கு ஆறு வேண்டும். ஏழாம் நம்பரைப் போட்டால் விரல் நுனியில் ரப்பர் தொங்கும். முடிச்சை இறுக்கும்போது நூலோடு ரப்பரும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு முடிச்சிலும் கையை நிறுத்தி, நுனியை இழுத்துவிட்டு, திரும்பவும் கட்டுவார். வாய் திறந்து ஒரு சொல் சொன்னதில்லை. பார்த்துக்கொண்டு நிற்கிற எனக்குத்தான் பத்திக்கொண்டு வரும். ஸ்டோர்ஸில் கேட்டால், "ஒரு ஆளுக்காக ஓடர் போட ஏலாது மிஸி" என்றார்கள்.

மூன்று கடிதம் எழுதினேன். நாலாம் மாதம் ஆறாம் நம்பர் பெட்டி இரண்டு வந்தது. அன்றைக்கு அவர் கட்டின வேகத்துக்கு என்னால் நூல் எடுத்துக் கொடுத்து முடியவில்லை. பெட்டியில் பிளாஸ்டர் ஒட்டி அவர் பெயரை எழுதி வைத்தேன். ஆனாலும் கணக்குக் குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்தேன். எங்கள் மயக்கமருந்து டொக்டர், ஆறடி உயர மனிசன், அவருக்கும் சின்னக் கைதானாம். வெட்கத்தில் அத்தனை வருடமும் ஏழாம் நம்பரையே போட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்.