ஐபோன் வெரைசனுக்கு வர ஏன் நான்கு வருடம் ஆனது? சிம்மை மாற்றிப் போட்டால் முடிந்துவிடாதா?

கேள்வியின் இரண்டாவது பாதிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். நீங்கள் ஜியோ வந்த பிறகு முதல் போன் வாங்கியவர் என்று வைத்துக்கொள்கிறேன். உங்களுக்குக் கம்பெனி மாறுவது என்றால் ஊசியால் குத்தித் தட்டை வெளியே எடுப்பது, சிம்மை மாற்றுவது, டேட்டா வரவில்லையென்றால் ஏபிஎன் பார்ப்பது, அவ்வளவுதான். அமெரிக்காவின் பெரிய மொபைல் கம்பெனியான வெரைசனின் அன்றைய போன்களில் பெரும்பாலானவற்றில் குத்துவதற்குத் தட்டே கிடையாது.

வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். 2003-ல் ரிலையன்ஸ் 501 ரூபாய் முன்பணத்துக்குக் கொடுத்த செட் ஞாபகம் இருக்கும். அதில் சிம் இல்லை, நம்பர் செட்டுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். ஏர்டெல்லுக்கு மாற வேண்டுமென்றால் செட்டையே மாற்ற வேண்டும். அது சிடிஎம்ஏ. அமெரிக்காவில் வெரைசனும் ஸ்பிரிண்டும் அந்த வகை, ஏடி அண்ட் டி-யும் டி-மொபைலும் ஜிஎஸ்எம் வகை. சிடிஎம்ஏ-வில் ஒவ்வொரு செட்டுக்கும் இஎஸ்என் அல்லது எம்இஐடி என்று ஓர் எண் உண்டு. அந்த எண் கம்பெனியின் பட்டியலில் இருந்தால்தான் நெட்வொர்க் உள்ளே விடும். செட் எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் பட்டியலில் இல்லையென்றால் வாசலோடு சரி.

"இரண்டு கம்பெனியும் ஒரே அலைவரிசைதானே, 850, 1900 மெகாஹெர்ட்ஸ்" என்று கமெண்டில் யாராவது வருவார்கள். ஆமாம், ஒரே அலைவரிசைதான். விழுப்புரத்துக்குத் தெற்கே மீட்டர் கேஜ் இருந்த காலத்தில் பிராட் கேஜ் பெட்டியை அதே ஊருக்குக் கொண்டுபோயிருக்க முடியுமா? ஊர் ஒன்று, தண்டவாளம் வேறு. பழைய ஐபோனுக்குள் நெட்வொர்க்கோடு பேசும் சிப்பாக இருந்த இன்ஃபினியான் மோடத்துக்கு சிடிஎம்ஏ தெரியாது. மென்பொருள் அப்டேட் போட்டால் கற்றுக்கொள்ளும் சமாச்சாரமும் அல்ல. வேறு சிப், வேறு ஆன்டெனா என்று வேறு போனாகவே செய்ய வேண்டும்.

சரி, ஆப்பிள் ஏன் அதைச் செய்யவில்லை? "ஒப்பந்தம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். ஒப்பந்தம் உண்மைதான். 2007 ஜனவரி 9-ல் ஸ்டீவ் ஜாப்ஸ் ஐபோனை மேடையில் காட்டியபோதே சிங்குலர் மட்டும் விற்கும் என்று அறிவித்தார்கள். அந்த சிங்குலர்தான் பிறகு ஏடி அண்ட் டி ஆனது. அந்தத் தனி விற்பனை உரிமை ஐந்து வருடம் என்று ஆப்பிளே பின்னாளில் நீதிமன்ற ஆவணத்தில் ஒப்புக்கொண்டது. ஆனால் அதற்கு முன்பே வெரைசனிடம் பேச்சு நடந்து முறிந்திருந்தது. மாத வருமானத்தில் பங்கு, எந்தக் கடையில் விற்பது என்ற முடிவு, வாடிக்கையாளருக்குச் சர்வீஸ் யார் பார்ப்பது என எல்லாவற்றிலும் ஆப்பிள் கை வைக்கப் பார்த்தது என்று வெரைசன் தரப்பே 2007-ல் சொன்னது. தன் பெயரைப் பொறித்த போனில் எந்த வசதி இருக்கலாம் என்பதைத் தானே தீர்மானித்துப் பழகிய கம்பெனி வெரைசன்.

ஆப்பிளின் கணக்கும் எளிது. உலகில் பெரும்பாலான நாடுகள் ஜிஎஸ்எம். 2007 நவம்பரில் பிரிட்டன், ஜெர்மனி, பிரான்ஸ் என்று போக ஒரே வன்பொருள் போதும். இந்தியாவுக்கும் அதே போன்தான் வந்தது. 2008 ஆகஸ்ட் 22-ல் ஐபோன் 3ஜி இங்கே இறங்கியபோது ஏர்டெல், வோடஃபோன் இரண்டுமே விற்றன. யாருக்கும் தனி விற்பனை உரிமை இல்லை. ஆனால் 8 ஜிபி 31,000 ரூபாய். அமெரிக்காவில் அதே போன் இரண்டு வருட ஒப்பந்தத்தோடு 199 டாலர். நமக்குச் சுதந்திரம் இருந்தது, காசுதான் இல்லை.

இனி வதந்திக்கு வருவோம். உண்மையில் சுவாரசியமான பகுதி இதுதான். ஒவ்வொரு ஜனவரியிலும் ஒவ்வொரு ஜூனிலும் "வெரைசன் ஐபோன் வருகிறது" என்று செய்தி வரும், பொய்க்கும், திரும்ப வரும். அப்போது செய்திகளில் மேற்கோள் காட்டப்பட்ட "நிபுணர்" கூட்டத்தில் பலர் சும்மா நாள் குறித்துக்கொண்டிருந்தார்கள். அவற்றில் எது சத்தம், எது அறிகுறி என்று பிரிக்க முடியுமா என்றால், முடியும்.

வெரைசன் தலைமை "நாங்கள் எப்போதும் தயார்" என்று சொல்வது சத்தம். எந்த விற்பனையாளரும் அதைத்தான் சொல்வார். அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி-யில் சான்றிதழ் விண்ணப்பம் தெரியவில்லை, ஆகவே வராது என்பதும் சத்தம். ரேடியோ உள்ள எந்தக் கருவிக்கும் அங்கே அனுமதி வேண்டும், ஆனால் வெளியீடு வரை விவரத்தை மறைத்துவைக்கக் கேட்கவும் வழி உண்டு.

பார்த்திருக்க வேண்டியது எதிராளி என்ன செய்கிறான் என்பதை. 2010 ஜூன் 1 முதல் ஏடி அண்ட் டி, ஸ்மார்ட்போன் ஒப்பந்தத்தைப் பாதியில் முறிப்பவர்களுக்கான அபராதத்தை 175 டாலரிலிருந்து 325 ஆக்கியது. அதே மாதம் ஐபோன் 4 வந்தபோது, சலுகை விலையில் புதுப் போன் வாங்கும் தகுதி அந்த ஆண்டுக்குள் எப்போது வருவதாக இருந்தாலும் இப்போதே வாங்கிக்கொள்ளலாம் என்றது. தாராள மனசு என்று பலர் எழுதினார்கள். முன்கூட்டியே போன் வாங்குகிறவர் இன்னும் இரண்டு வருடம் கட்டிப்போடப்படுகிறார் என்பதுதான் அதன் பொருள். ஆடு ஓடிவிடும் என்று தெரிந்தவன்தான் பட்டியை முன்கூட்டியே அடைப்பான்.

அபராதம் எப்படி வேலை செய்தது என்று ஒரு கணக்கு. ஒருவர் 2010 ஜூன் 24-ல் ஏடி அண்ட் டி ஐபோன் 4 வாங்குகிறார். முடிந்த ஒவ்வொரு மாதத்துக்கும் அபராதத்தில் 10 டாலர் குறையும். 2011 பிப்ரவரி 10-ல் வெரைசனுக்குத் தாவினால் ஏழு மாதம் முடிந்திருக்கும், கட்ட வேண்டியது 255. வெரைசன் ஐபோன் 16 ஜிபி 199.99. ஆக வரி இல்லாமலே ஏறத்தாழ 455 டாலர், கையில் இருப்பதும் வாங்குவதும் அதே ஐபோன் 4. பழையதை விற்றால் கொஞ்சம் திரும்பும், அது வேறு விஷயம்.

அடுத்த அறிகுறி 2010 அக்டோபர் 28. அன்றிலிருந்து வெரைசன் கடைகளில் ஐபாட் டேப்லெட் விற்பனைக்கு வந்தது. அதில் வைஃபை மட்டும்தான், கூடவே வெரைசன் நெட்வொர்க்கை வைஃபையாக மாற்றித் தரும் மைஃபை பெட்டி ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தார்கள். தொழில்நுட்பமாக அது ஒன்றுமில்லை. ஆனால் முறைத்துக்கொண்டிருந்த இரண்டு கம்பெனிகள் ஒரே பில்லில் கையெழுத்துப் போட்டன.

"எல்டிஇ (4ஜி) வரும் வரை ஆப்பிள் காத்திருக்கும்" என்றவர்கள் ரொம்ப நம்பிக்கையாகச் சொன்னார்கள். வெரைசன் 2010 டிசம்பர் 5-ல் 38 நகரப் பகுதிகளில் எல்டிஇ தொடங்கியும்விட்டது. ஆனால் முதல் தலைமுறை எல்டிஇ சிப்புகளைப் போட்டால் போனின் வடிவமைப்பில் ஆப்பிள் ஏற்க முடியாத சமரசங்கள் செய்ய வேண்டியிருக்கும் என்று ஆப்பிளின் டிம் குக் 2011 ஜனவரி 11 நியூயார்க் நிகழ்ச்சியில் சொல்லிவிட்டார். எல்டிஇ ஐபோன் 2012 செப்டம்பரில்தான் வந்தது.

2011 பிப்ரவரி 10-ல் கடைக்கு வந்த அந்த சிடிஎம்ஏ ஐபோன் 4-ஐக் கையில் எடுத்தால் வித்தியாசம் தெரியும். மாடல் எண் ஏ1349, ஜிஎஸ்எம் ஐபோன் 4 ஏ1332. ஜிஎஸ்எம் போனின் எஃகு விளிம்பில் மூன்று கறுப்புக் கீறல்கள், இதில் நான்கு. ஆன்டெனாவை மாற்றியமைத்தபோது சைலன்ட் சுவிட்ச் கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது. விளைவு, பழைய ஐபோன் 4-க்கு அளவெடுத்து வெட்டிய கேஸ் பல இதற்குப் பொருந்தவில்லை. இன்ஃபினியானுக்குப் பதில் குவால்காமின் எம்டிஎம்6600. வேடிக்கை என்னவென்றால் அந்தச் சிப்புக்கு ஜிஎஸ்எம்-மும் தெரியும். சிம் போட இடம்தான் வைக்கவில்லை.

பெரிய குறை, பேசும்போது இணையம் நிற்கும். வெரைசனில் குரல் 1எக்ஸ் என்ற தடத்தில் போகும், டேட்டா ஈவிடிஓ என்ற இன்னொரு தடத்தில். ஒரே ரேடியோ இரண்டிலும் ஒரே நேரத்தில் நிற்காது. ஏடி அண்ட் டி-யின் 3ஜி-யில் இந்தத் தடை இல்லை. ஹாட்ஸ்பாட்டில் ஐந்து கருவிகள் வரை இணைக்கலாம், மாதம் 20 டாலருக்கு 2 ஜிபி. ஆனால் ஒரு அழைப்பை எடுத்தால் ஐந்து கருவிகளும் சேர்ந்து காற்று வாங்கும். வேகமும் குறைவு. ஈவிடிஓ உச்சம் 3.1 எம்பிபிஎஸ், ஜிஎஸ்எம் ஐபோன் 4-க்கு 7.2. அப்படியும் மக்கள் ஏன் வாங்கினார்கள்? உச்ச வேகத்தைவிட அழைப்பு துண்டிக்காமல் இருப்பது முக்கியம் என்பதால். நான் ஆப்பிள் விசிறியும் இல்லை, வெரைசன் ஏஜெண்டும் இல்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஏடி அண்ட் டி காலியாகிவிடும் என்றதும் நடக்கவில்லை. 2011 முதல் காலாண்டில் வெரைசன் 22 லட்சம் ஐபோன் 4-க்கு இணைப்புக் கொடுத்தது, ஏடி அண்ட் டி 36 லட்சம் ஐபோனுக்கு. வெரைசனுக்கு அதில் பாதிக் காலாண்டுதான் கிடைத்தது என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. இந்தத் தளத்தில் இப்படி எழுதினால் உடனே ஒருவர் "சிடிஎம்ஏ என்று எழுதாதீர்கள், குறிப்பிரிவுப் பன்னணுகல் என்று எழுதுங்கள்" என்று திருத்தம் போடுவார். ஐயா, ரிலையன்ஸ் கடையில் போய் யாரும் குறிப்பிரிவுப் பன்னணுகல் செட் கேட்டதில்லை. கேட்டவருக்குப் புரிய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கடைசியாக, இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டதற்குக் காரணம் அமெரிக்கச் சொந்தக்காரர் விட்டுப்போன பழைய ஐபோன் ஒன்று மேசை டிராயரில் கிடப்பதுதான் என்றால், பின்பக்கத்தில் பொடி எழுத்தில் மாடல் எண் பாருங்கள். ஏ1349 என்றிருந்தால் அன்லாக் செய்கிறேன் என்று யார் சொன்னாலும் பணம் கொடுக்காதீர்கள், சிம் போட இடமே இல்லை. வெரைசனின் சிடிஎம்ஏ நெட்வொர்க்கையும் 2022 இறுதியில் மூடிவிட்டார்கள். வைஃபையில் பாட்டுக் கேட்கலாம், ஐஓஎஸ் 7.1.2-க்கு மேல் ஏறாது. வெரைசன் 4எஸ் என்றால் தட்டு உண்டு, பூட்டும் உண்டு. வெரைசன் ஐபோன் 5 என்றால் நானோ சிம், பூட்டில்லாமலே விற்றார்கள். புது அமெரிக்க ஐபோன் என்றால், 14-லிருந்து அங்கே விற்பதில் மறுபடியும் தட்டே இல்லை. இசிம் மட்டும்தான். வாங்கும் முன் செட்டிங்ஸில் ஜெனரல், அதற்குள் அபவுட் போய் கேரியர் லாக் வரியில் "நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்" என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசை எடுங்கள்.