கடைசிச் சுற்றுக்கு முன்னால்: பள்ளி ரக்பி கேள்வி பதில்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வட்டாரத்துப் பையன்கள் ஆடுற 18 வயதுக்குட்பட்டோர் லீக்கில் இன்னும் ஒரே ஒரு சுற்றுதான் பாக்கி. எட்டுப் பள்ளிகள், ஆளுக்கு ஏழு ஆட்டம். பள்ளிப் பெயர் வேண்டாம், ஜெர்சி நிறத்திலேயே பேசுவோம். ஆறு ஆட்டம் முடிஞ்ச நிலை: நீலம் 5 வெற்றி, 1 தோல்வி, 24 புள்ளி. பச்சை 5 வெற்றி, 1 தோல்வி, 22 புள்ளி. சிவப்பு 4 வெற்றி, 2 தோல்வி, 22 புள்ளி. கடைசிச் சுற்றில் நீலத்தோட சிவப்பு மோதுது. பச்சைக்குக் கடைசி இடத்து அணி.

கேள்வி (லிந்தாங்): அண்ணே, சிவப்பு ஒரு ஆட்டம் கூடுதலா தோத்திருக்கு. பச்சையோட எப்படி சமமா நிக்குது?

பதில்: போனஸ் புள்ளிதான் காரணம். வெற்றிக்கு 4, சமநிலைக்கு 2. இதுக்கு மேலே, ஒரே ஆட்டத்தில் நாலு டிரை (எதிரணி கோல் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைக்கிறது, ஆட்டக் கணக்கில் 5) போட்டா ஜெயிச்சாலும் தோத்தாலும் 1. ஆட்டத்தில் ஏழு புள்ளி வித்தியாசத்துக்குள்ள தோத்தா 1. சிவப்பு ஜெயிச்ச நாலு ஆட்டத்திலும் நாலு டிரைக்கு மேல போட்டது: 16 + 4. தோத்த ரெண்டும் ஏழுக்குள்ள, அதுல 2. மொத்தம் 22. பச்சை அஞ்சு ஜெயிச்சும் ரெண்டு ஆட்டத்தில்தான் நாலு டிரையை எட்டினது. நீலத்துக்கிட்ட பெரிய வித்தியாசத்தில் தோத்ததால அங்கேயும் ஒண்ணும் கிடைக்கலை.

கேள்வி (எல்பில் தோட்டம்): அப்போ யார் யாருக்குக் கோப்பை வாய்ப்பு இருக்கு? தெளிவா சொல்லுங்க.

பதில்: நீலம் ஜெயிச்சா கதை முடிஞ்சது. குறைஞ்சது 28. பச்சையால 27-ஐத் தாண்ட முடியாது.

நீலமும் சிவப்பும் சமநிலை ஆனா நீலம் 26. நாலு டிரை போட்டிருந்தா 27. பச்சை போனஸோட ஜெயிச்சா 27. அதனால நீலம் நாலு டிரை போடாம சமநிலையில் நின்னா, பச்சைக்கு ஒரு புள்ளியில் கோப்பை. பச்சை போனஸ் இல்லாம ஜெயிச்சா அதுவும் 26, நீலத்தோட சமம்.

சிவப்பு ஜெயிச்சா 26, போனஸோட 27. பச்சையும் போனஸோட ஜெயிச்சிருந்தா ரெண்டும் 27. நீலம் தோத்தும் கோப்பை எடுக்கும்னு சிலர் சொல்றாங்க. நாலு டிரை போட்டு ஏழுக்குள்ள தோத்தா நீலத்துக்கு 26 வரும், உண்மைதான். ஆனா அப்போ சிவப்பும் குறைஞ்சது 26. சமமா நின்னா, ரெண்டும் மோதின ஆட்டத்தைப் பார்க்கிற நேருக்கு நேர் கணக்கில் சிவப்புதான் மேல. எல்லா ஆட்டத்திலும் போட்ட, விட்ட புள்ளிகளோட வித்தியாசத்தை முதல்ல பார்க்கிற விதியா இருந்தா மட்டும் நீலத்துக்கு ஒரு சின்ன கதவு திறக்கும்.

கேள்வி (சலாக்): சிவப்பும் பச்சையும் 27-ல சமமா நின்னா?

பதில்: லீக் விதித்தாளை எடுத்துப் படிங்க. இதை நூறு தடவை சொல்லலாம். சில லீக்கில் முதல்ல நேருக்கு நேர் ஆட்டம், சில இடத்தில் முதல்ல புள்ளி வித்தியாசம், அதுக்கப்புறம்தான் மத்தது. நேருக்கு நேர் முதல்ல வந்தா பச்சை. 17–15 என்று சிவப்பை ஜெயிச்சிருக்கு. வித்தியாசம் முதல்ல வந்தா சிவப்பு ரொம்ப முன்னால. சிவப்போட பயிற்றுநர் கடைசி ஆட்டத்துக்கு எந்தத் திட்டத்தோட போகணும் என்பதே இந்த ஒரு வரியில் இருக்கு. நேருக்கு நேர்தான் விதின்னா, பச்சை போனஸோட ஜெயிச்ச பிறகு சிவப்பு பத்து டிரை போட்டாலும் கோப்பை கிடையாது.

கேள்வி (ஜாலோங்): போன ஆட்டத்தில் சிவப்பு 18–12 முன்னால. நாலு நிமிஷம் பாக்கி. எதிரணியோட 22 மீட்டர் கோட்டில் (கோல் கோட்டிலிருந்து 22 மீட்டர்), கம்பத்துக்கு நேரா பெனால்டி. கம்பத்துக்கு உதைச்சு மூணு புள்ளி எடுக்காம, கோல் கோட்டுக்குப் பக்கத்தில் பந்து ஓரக்கோட்டைத் தாண்டுற மாதிரி மூலைக்கு உதைச்சாங்க. லைன்அவுட்டில் (ஓரக்கோட்டிலிருந்து எறியுற பந்தை, வரிசையா நிக்கிறவங்க ஆளைத் தூக்கிவிட்டுப் பிடிக்கிறது) பந்து பறிபோய், எதிரணி ஓடி டிரை போட்டு, கன்வெர்ஷனும் (டிரைக்குப் பிறகு கம்பத்துக்கு உதைக்கிறது, 2 புள்ளி) போட்டு 18–19. இது முட்டாள்தனமா இல்லையா?

பதில்: பையன்களை அப்படிச் சொல்ல வேண்டாம். முடிவு தவறு, அது வேற விஷயம். கணக்கைப் பாருங்க. அப்போ சிவப்பு மூணு டிரை போட்டிருந்தது. மூலைக்குப் போய் நாலாவது டிரை விழுந்தா லீக் புள்ளி 4-லிருந்து 5 ஆகும், லாபம் 1. ஆட்டம் கைவிட்டுப் போனா 4-லிருந்து 1 ஆகும், நஷ்டம் 3. அதனால அந்த உதையால டிரை கிடைக்கிற வாய்ப்பு, ஆட்டம் நழுவுற வாய்ப்பைவிட மூணு மடங்குக்கு மேல இருந்தாத்தான் மூலை சரி. மழையில், களைச்சுப்போன முன்வரிசையோட, அப்படி இருந்ததா சொல்ல முடியாது. 21–12 ஆகியிருந்தா எதிரணிக்கு ரெண்டு தடவை புள்ளி எடுக்கணும். 18–12-ல ஒரு டிரையும் ஒரு கன்வெர்ஷனும் போதும், அதுதான் நடந்தது.

கேள்வி (கமுனிங்): அண்ணே, மன்னிக்கணும், ஒத்துக்க முடியலை. மூணு புள்ளி எடுத்தா எதிரணிதான் மறுபடி உதைச்சுத் தொடங்கும். பந்து சிவப்போட சொந்த 22-க்குள்ள வரும். மூலையில் ஆட்டம் எதிரணி எல்லையிலேயே நிக்கும். நாலு நிமிஷத்தை அங்கேயே ஓட்டலாமே?

பதில்: நல்ல வாதம். 15 பேர் ஆட்டத்தில் புள்ளி கொடுத்த அணிதான் தொடக்க உதை உதைக்கும். செவன்ஸில் (ஏழு பேர் ஆட்டம்) புள்ளி எடுத்த அணி உதைக்கும். பலர் ரெண்டையும் குழப்பிக்கிறாங்க, நீங்க குழப்பலை. பந்து சிவப்போட பகுதிக்கு வரும் என்பது சரி. ஆனா ஒன்பது புள்ளி முன்னால நின்னு சொந்த 22-ல பந்தைப் பிடிச்சு வெளியே உதைக்கிறதும், ஆறு புள்ளி முன்னால நின்னு லைன்அவுட்டில் பந்தை விடுறதும் ஒரே ஆபத்து இல்லை.

மூலைக்குத்தான் போகணும்னு முடிவெடுத்தா, அடுத்த தவறு எறிஞ்ச இடம். லைன்அவுட் 5 மீட்டர் கோட்டிலிருந்து 15 மீட்டர் கோடு வரைக்கும். ஈரப் பந்தை வரிசையோட வால்பகுதிக்கு எறிஞ்சா அது 13, 14 மீட்டர் காற்றில் போகுது. கையில் வழுக்கினா எதிரணி ஆள் பிடிச்ச உடனே முன்னால திறந்த வெளி. அதுதான் நடந்தது. அந்த நேரத்தில் இரண்டாவது ஆளுக்குத் தட்டையா, வேகமா எறியணும். பிடிச்சவன் இறங்கும்போதே எதிரணிக்கு முதுகு காட்டணும். ரெண்டு பக்கமும் தூக்கினவங்க அவனை ஒட்டிக் கட்டணும். பிறகு பந்தைக் கையால கையால பின்னால நகர்த்தி, அந்தக் கூட்டத்தோட கடைசியில் நிக்கிறவன்கிட்ட சேர்த்துட்டுத்தான் தள்ளணும். எதிரணி தொடாமலே விலகி நின்னா, பந்துக்காரனுக்கு முன்னால நம்ம ஆள் நிக்கிறது தடுப்புக் குற்றம். பெனால்டி எதிரணிக்குப் போயிடும்.

கேள்வி (ஜாலோங்): நான் சொன்னது சரிதானே? பயிற்றுநரை மாத்தணும்.

பதில்: மூலை தவறுன்னு சொன்னேன். ஆளை மாத்தச் சொல்லலை. சிவப்பு தோத்த ரெண்டு ஆட்டத்தையும் சேர்த்துப் பாருங்க. பச்சையோட 15–17: மூணு டிரை, ஒரு கன்வெர்ஷன்கூட இல்லை. அடுத்தது 18–19: மூணு டிரை, ஒரு பெனால்டி, அங்கேயும் கன்வெர்ஷன் இல்லை. ஆறு உதை, ஆறும் வீண். ரெண்டாவது ஆட்டத்தில் ஒண்ணே ஒண்ணு போயிருந்தா 20–19. சிவப்பு இன்னைக்கு 25 புள்ளியோட முதலிடம். மூலையைப் பத்தி ஊரே பேசுது, உதையைப் பத்தி யாரும் பேசலை.

கேள்வி (உதைக்கிற பையனோட அப்பா, சுங்கை சிப்புட்): என் பையன் ஓரத்தில் போட்ட டிரைக்கு உதைச்சா எல்லாம் வெளியே போகுது. கால் பலம் போதலையா?

பதில்: பலம் இல்லை, பந்து வைக்கிற இடம். டிரை விழுந்த இடத்துக்கு நேர்க்கோட்டில் எவ்வளவு தூரம் வேணும்னாலும் பின்னால போகலாம். கம்பத்து நடுவிலிருந்து 15 மீட்டர் ஓரமா டிரைன்னு வெச்சுக்குங்க. கம்பங்களுக்கு இடையே 5.6 மீட்டர். கோல் கோட்டிலிருந்து 5 மீட்டரில் பந்தை வெச்சா, கம்பங்களுக்கு நடுவே தெரியுற திறப்பு 7 பாகைகூட இல்லை. 15 மீட்டர் பின்னால போனா கிட்டத்தட்ட 11 பாகை. 22 மீட்டருக்குப் போனாலும் 10 பாகை இருக்கு. பொது விதி: எவ்வளவு ஓரமோ அவ்வளவு பின்னால போனா திறப்பு அதிகபட்சம். அதுக்கு மேல சில மீட்டர் போனா இழப்பு கொஞ்சம்தான், பந்து குறுக்குக்கம்பத்தைத் தாண்ட நேரமும் கிடைக்கும். ஓடி வந்து தடுக்கிறவங்களும் தூரமாகிடுவாங்க. பையன் கிட்டத்துலேயே வெச்சு உதைக்கிறான்னு நினைக்கிறேன்.

இன்னொண்ணு, பந்தோட காற்று. 9.5-லிருந்து 10 பிஎஸ்ஐ. அழுத்தமானி இல்லாம கட்டைவிரலால் அமுக்கிப் பார்க்கிற பழக்கம் பயிற்சியில் ஒரு பந்து, ஆட்டத்தில் இன்னொரு பந்துன்னு ஆக்கிடும்.

கேள்வி (தோட்டத்துத் திடல், லிந்தாங்): எங்க திடலில் கால்பந்து கம்பம்தான். அதுல உதைப் பயிற்சி செய்ய முடியுமா?

பதில்: முடியும். கால்பந்து கோல் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44. ரக்பிக்கு 5.6 அகலம், குறுக்குக்கம்பம் 3 மீட்டர். அதனால ரெண்டு பக்கமும் கம்பத்திலிருந்து 86 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, ஆறு ஏழு மீட்டர் மூங்கிலை நிறுத்தி, கோலோட குறுக்குக்கம்பத்தில் கட்டுங்க. சைக்கிள் டியூபை நீளமா கிழிச்சுக் கட்டினா நழுவாது. அடியை ஒரு முழமாவது மண்ணில் இறக்கணும். 3 மீட்டர் உயரத்தில் ரெண்டு மூங்கிலுக்கும் நடுவே கயிறு. கோல் தூக்கி நகர்த்துற வகைன்னா அதுல எதையும் கட்டாதீங்க, மேல்பாரம் ஏறினா சாயும். இது உதைப் பயிற்சிக்கு மட்டும். மூங்கில் நிக்கிற திடலில் டேக்கிள் (பந்துக்காரனைப் பிடிச்சு வீழ்த்துறது) பயிற்சி கூடாது.

கேள்வி (கமுனிங்கிலிருந்து ஒரு அம்மா): பையனுக்குப் போன ஆட்டத்தில் தலையில் அடி. அஞ்சு நிமிஷம் உட்கார்ந்துட்டு மறுபடி ஆடினான். இப்போ நல்லா இருக்கேன்னு சொல்றான். கடைசி ஆட்டம் ஆடலாமா?

பதில்: அக்கா, ஆட வேண்டாம். அன்னைக்கு அவனை மறுபடி உள்ளே விட்டதே பெரிய தவறு. டிவியில் ஆளை வெளியே கூட்டிட்டுப் போய்ப் பரிசோதிச்சு திரும்ப அனுப்புறது தொழில்முறை ஆட்டத்துக்கு உரிய ஏற்பாடு. பள்ளி ஆட்டத்தில் சந்தேகம் வந்தா வெளியேதான். கால் தள்ளாடுறது, கண் வெறிச்சுப் பார்க்கிறது, கேட்டதையே திரும்பக் கேட்கிறது, தலையைப் பிடிச்சுக்கிறது, இதுல ஒண்ணு போதும், மயங்கி விழணும்னு அவசியமில்லை.

இப்போ செய்ய வேண்டியது: இன்னைக்கே மருத்துவரைப் பாருங்க. மோட்டார் ஓட்ட விடாதீங்க. முதல் ஒண்ணு ரெண்டு நாள் படிப்பு, கைப்பேசி எல்லாம் குறைச்சு ஓய்வு. பிறகு நடை, மெதுவான ஓட்டம்னு படிப்படியா. ஒவ்வொரு படியிலும் தலைவலி திரும்பினா ஒரு படி கீழே. அறிகுறி இல்லாம 14 நாள் போகாம மோதல் பயிற்சி கூடாது. போட்டிக்கு 21 நாளுக்கு முன்னால கிடையாது, அதுவும் மருத்துவர் சொன்ன பிறகு. வாந்தி தொடர்ந்தாலோ, தலைவலி கூடினாலோ, கழுத்து வலிச்சாலோ, தூக்கத்திலிருந்து எழுப்ப முடியலைன்னாலோ நேரா அவசரப் பிரிவு.

கேள்வி (சலாக்): போனஸ் புள்ளி எப்படிக் கணக்கு?

பதில்: முதல் பதிலில் இருக்கு.

கேள்வி (எல்பில்): நீலத்தோட ஸ்க்ரம் (ரெண்டு அணியும் குனிஞ்சு தோள் கோத்துப் பந்துக்காகத் தள்ளுறது) பலமா தள்ளுது. நடுவர் ஏன் நிறுத்துறார்?

பதில்: 19 வயதுக்குட்பட்ட ஆட்டத்தில் ஸ்க்ரம்மை 1.5 மீட்டருக்கு மேல தள்ளக்கூடாது. தள்ளினா எதிரணிக்கு ஃப்ரீ கிக். கழுத்தைக் காப்பாத்தற விதி இது, பெரியவங்க ஆட்டத்தைப் பார்த்துக் கத்த வேண்டாம். நீலத்துப் பையன்கள் ஒரு மீட்டர் தள்ளிட்டு பந்தை எடுத்து ஆடக் கத்துக்கணும்.

கேள்வி (பெயர் போடாதவர்): கடைசிச் சுற்றுக்கு எந்த அணி மேல பணம் கட்டலாம்?

பதில்: பதினேழு வயசுப் பையன்கள் ஆடுற ஆட்டத்தில் பணப் பேச்சுக்கு இங்கே இடமில்லை.

கேள்வி (லிந்தாங்): கோலகங்சார் மலாய்க் கல்லூரி ரக்பி அவ்வளவு பழசா? எச்எம்எஸ் மலாயா கோப்பை அவங்களோடதா?

பதில்: கல்லூரி 1905-ல தொடங்கினது, நாட்டில் ரக்பிக்குப் பேர் போன பள்ளிகளில் ஒண்ணு. கோப்பை வேற. மலாயா பேரில் இருந்த பிரிட்டிஷ் போர்க்கப்பல் அதிகாரிகள் கொடுத்தது, மாநிலங்களுக்கு இடையிலான ஆட்டத்துக்கு.

கேள்வி (ஜாலோங்): மறுபடியும் நானே. கமுனிங்காரர் சொல்றாப்போல மூலை சரின்னு எல்லாரும் பேசுறாங்க.

பதில்: லாபம் 1, நஷ்டம் 3. மேலே எழுதினதுக்கு மேல சொல்ல ஒண்ணும் இல்லை. தலையில் அடிபட்ட பையனைப் பத்தி ஒரு அம்மாதான் கேட்டாங்க. மூலையைப் பத்தி இத்தனை பேர். இந்த வாரம் பயிற்சிக்குப் போறவங்க டேக்கிளைப் பாருங்க: பையனோட தலை பந்துக்காரனுக்கு முன்னால போகுதா, பின்பக்கம் ஒட்டி இருக்கா? முன்னால போனா நிறுத்துங்க. கன்னம் எதிராளியோட இடுப்புக்குப் பின்பக்கம் ஒட்டணும், கண் திறந்திருக்கணும்.

கேள்வி (சுங்கை சிப்புட்): கடைசிச் சுற்றில் நீலம்–சிவப்பு ஆட்டமும் பச்சையோட ஆட்டமும் ஒரே நேரத்தில் தொடங்கணுமா? நாலரை மணிக்கு இங்கே தினமும் இடி.

பதில்: ஒரே நேரம்தான் நியாயம். பச்சையோட முடிவு தெரிஞ்ச பிறகு சிவப்பு ஆடினா, எப்போ மூணு எடுக்கணும், எப்போ டிரைக்குப் போகணும்னு அவங்களுக்கு மட்டும் தெரியும். இடிக்கு: மின்னல் தெரிஞ்சு 30 விநாடிக்குள்ள இடி கேட்டா எல்லாரும் திடலை விட்டு வெளியே. பார்வையாளர்களும்தான். மரத்தடிக்குப் போகாதீங்க, கட்டடத்துக்குள்ள அல்லது காருக்குள்ள. கடைசி இடி கேட்டு 30 நிமிஷம் கழிச்சுத்தான் திரும்ப. நடுவில் இன்னொரு இடி கேட்டா அந்த 30 நிமிஷம் முதலிலிருந்து. ஒரு திடலில் நிறுத்தினா மற்ற திடலையும் நிறுத்தணுமா, பாதியில் கைவிட்ட ஆட்டத்துக்குப் புள்ளி எப்படி என்று ரெண்டு மேலாளர்களும் நடுவர்களும் ஆட்டத்துக்கு முந்தின நாளே எழுத்தில் வாங்கி வெச்சுக்கட்டும். நாலரைக்குப் பதிலா காலை எட்டரைக்கு மாத்த லீக் ஒத்துக்கிட்டா இன்னும் நல்லது. புல்லில் பனி இருக்கும், பந்து கொஞ்சம் வழுக்கும். அதுக்கு ஒவ்வொரு பக்கமும் ரெண்டு துண்டு போதும்.