டிஎஸ்பி சிப் போட்டால் ‘டப் டப்’ நிற்குமா?

கேள்வி: வீட்டுக் கணினியில் பக்திப் பாடல்கள் பதிகிறேன். பாடும்போது ஹெட்போனில் இடையிடையே ‘டப் டப்’ என்று வெடிக்கிறது. “சிபியு தாங்கவில்லை, டிஎஸ்பி சிப் உள்ள சவுண்ட் கார்டு போடுங்கள், 18,000 ரூபாய்” என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். டிஎஸ்பி என்பது ஒலிக் கணக்குகளைப் போடுவதற்கான தனி சிப். ஆனால் அந்தக் கணக்கு இன்றைய சிபியுவுக்குப் பெரிய சுமையல்ல. உதாரணமாக, ஒலியின் கனத்தையும் கூர்மையையும் சரிசெய்யும் ஈக்வலைசரில் ஒரு பேண்டுக்கு (ஒலியின் ஒரு பகுதிக்கு), ஒரு சாம்பிளுக்கு (ஒலியின் ஒரு அளவீட்டுக்கு) வழக்கமாக ஐந்து பெருக்கல். 48 கிலோஹெர்ட்ஸ் (விநாடிக்கு 48,000 சாம்பிள்), ஸ்டீரியோ, பத்து பேண்ட் என்றால் விநாடிக்கு 48 லட்சம். இன்றைய சிபியு விநாடிக்குப் பல நூறு கோடி பெருக்கும். 1992-ல் வந்த அட்டாரி ஃபால்கன் கணினியில் இதற்கென மோட்டோரோலா 56001 என்ற தனி டிஎஸ்பி தேவைப்பட்டது. அந்தக் காலம் போய்விட்டது.

பிறகு ஏன் வெடிக்கிறது? ஒலியைத் துண்டு துண்டாகச் சேர்த்துவைக்கும் இடமான பஃபர் 256 சாம்பிள் என்றால், 5.3 மில்லிவிநாடிக்கு ஒருமுறை சிபியு அடுத்த துண்டைக் கொடுத்தாக வேண்டும். அந்த நேரம் பார்த்து வைஃபை டிரைவர் (வைஃபையை இயக்கும் மென்பொருள்) சிபியுவைப் பிடித்துக்கொண்டால் ஒலியில் ஓட்டை விழும். டாஸ்க் மேனேஜரோ சிபியு வேலை 15 சதவீதம்தான் என்று காட்டும், நீங்கள் குழம்புவீர்கள். ஒலிக்கு முதலிடம் தராத விண்டோஸை வைத்துக்கொண்டு இத்தனை ஆண்டாக மல்லுக்கட்டுகிறோம்!

லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருளைப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். எந்த டிரைவர் குற்றவாளி என்று பெயரோடு சொல்லும். பதியும்போது வைஃபையை அணையுங்கள். பவர் பிளானை ‘ஹை பெர்ஃபாமன்ஸ்’ ஆக்குங்கள். உங்கள் கருவியின் கம்பெனியே தரும் ஏசியோ டிரைவரை (ஒலித் தாமதத்தைக் குறைக்கும் டிரைவர்) போடுங்கள். யுஎஸ்பி ஹப் வேண்டாம். பதிந்து முடித்து, ஒலிகளைக் கலக்கும் மிக்ஸிங்கில் பஃபர் 1024 இருக்கட்டும்.

ஒரே ஒரு விஷயத்தில் டிஎஸ்பி உதவும். பாடும்போதே உங்கள் குரல் ரிவெர்ப்போடு (பெரிய கூடத்தில் பாடுவது போன்ற முழக்கத்தோடு) காதில் கேட்க வேண்டுமென்றால், குரல் கணினிக்குள் போய்த் திரும்ப 256 பஃபரில் குறைந்தது 10.7 மில்லிவிநாடி. மூன்றரை மீட்டர் தள்ளி நிற்கும் ஒருவர் உங்கள் குரலில் பாடுவது போலிருக்கும், தாளம் இழுக்கும். ஆடியோ இன்டர்ஃபேஸுக்குள்ளேயே (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) டிஎஸ்பி இருந்தால் குரல் கணினிக்குப் போகாமலே ரிவெர்ப்போடு திரும்பிவிடும். அங்கே குறுக்கே வர விண்டோஸ் கிடையாது. ரிவெர்ப் இல்லாமல் வெறும் குரல் போதுமா? சாதாரண இன்டர்ஃபேஸ்கள் பலவற்றிலேயே, குரலை நேராக ஹெட்போனுக்கு அனுப்பும் ‘டைரக்ட் மானிட்டர்’ பொத்தான் இருக்கும். அதை அழுத்தி, மென்பொருளில் மானிட்டரிங்கை நிறுத்துங்கள். மறந்தால் குரல் இரண்டு முறை கேட்கும்.

பெட்டியில் ‘டிஎஸ்பி’ என்று அச்சிட்டிருப்பதை நம்பாதீர்கள். மலிவு கார்டுகள் பலவற்றில் அந்த எஃபெக்டை டிரைவர்தான் செய்கிறது, அதாவது உங்கள் சிபியுவே. டிரைவர் போடாத கணினியில் செருகச் சொல்லுங்கள். ஒலி வந்தும் எஃபெக்ட் மட்டும் காணாமல் போனால் சந்தேகப்படுங்கள், கார்டைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.