கார் பெட்ரோல் டேங்க் மூடியை வீட்டிலேயே மாற்றலாமா? மரை சேர்கிற எந்த மூடியும் போதுமா?

தாராளமாக நீங்களே மாற்றலாம். வேலை ஐந்து நிமிடம்தான், மெக்கானிக் தேவையில்லை. ஆனால் மரை சேர்ந்தால் போதும் என்று மட்டும் நினைக்காதீர்கள். நான் அப்படி நினைத்துப் பட்டிருக்கிறேன்.

எங்கள் காரில் மூடியைப் பிடித்திருக்கும் பட்டை அறுந்து பல மாதம் ஆகியிருந்தது. ஒருநாள் பங்க்கில் கழற்றி வைத்த மூடி அங்கேயே நின்றுவிட்டது. அவசரத்துக்கு வேறொரு மாடலின் மூடியை வாங்கித் திருகினேன், நன்றாகவே உட்கார்ந்தது. அடுத்த வாரம் நாமக்கல்லில் டேங்கை நிரப்பிக்கொண்டு கொல்லிமலை ஏறினோம். 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வழியிலேயே மகளுக்குக் குமட்டல். வளைவுகளால்தான் என்று நினைத்தோம். "பெட்ரோல் வாடை அடிக்குதுங்க" என்று மனைவி சொன்னதும் வண்டியை ஓரம் கட்டிப் பார்த்தேன். இடப்பக்கம் மூடிக் கதவுக்குக் கீழே பெயிண்ட் மேல் ஈரக்கோடு, அதில் புழுதி ஒட்டியிருந்தது. வலப்பக்கம் வளையும்போதெல்லாம் பெட்ரோல் இடப்பக்கம் ஒதுங்கிக் கசிந்திருக்கிறது. மூடியைத் திறந்து பார்த்தால், ரப்பர் வாஷரின் ஒரு பாதியில்தான் பெட்ரோல் ஊற்றும் குழாயின் விளிம்பு பதிந்த தடம் இருந்தது. மறுபாதி தொடப்படவே இல்லை. குழந்தையை உட்காரவைத்துக்கொண்டு அந்த வண்டியை ஓட்டியதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

டேங்க் மூடி வெறும் மூடி இல்லை. ஆவியை வெளியே விடாமல் அடைக்க வேண்டும். அதே நேரம் பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் கூடினால் காற்றை உள்ளே விட வேண்டும். அதற்காகப் பல மூடிகளுக்குள் சின்ன வால்வு இருக்கும். வால்வு உள்ளதா இல்லாததா என்பது வண்டிக்கு வண்டி மாறும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அதனால் உங்கள் மாடல், வருடம், பெட்ரோலா டீசலா என்று சொல்லி அந்த வண்டிக்கான மூடியையே கேளுங்கள். பழையது கையில் இருந்தால் எடுத்துப்போய்ப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். கழுத்தின் நீளம், மரை, வாஷரின் அகலம், பட்டையின் முனை எல்லாம் ஒன்றாக இருக்க வேண்டும். சாவி போட்டுத் திறக்கும் மூடி என்றால் புதியதற்குத் தனிச் சாவி வரும், அதையும் கொத்தில் சேர்த்துவிடுங்கள்.

வாஷர் மட்டும் போயிருந்தால் சைக்கிள் டியூபை வெட்டிப் போடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அந்த ரப்பர் பெட்ரோலில் ஊறி உப்பிவிடும். இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் என்பதால் வாஷர் இன்னும் தரமாக இருக்க வேண்டும். மழைத்தண்ணீர் உள்ளே போனாலும் சிக்கல்தான். எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து பெட்ரோலைவிட்டுப் பிரியும், இரண்டும் டேங்கின் அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான்.

சரி, இனி மாற்றுவது. காலை வெயில் ஏறும் முன், திறந்தவெளியில், எஞ்சின் ஆறியபிறகு செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, மூடிய ஷெட்டில் தரையோடு தேங்கும். பக்கத்தில் அடுப்பு, விளக்கு, பீடி எதுவும் கூடாது. தொடுவதற்கு முன் காரின் பெயிண்ட் இல்லாத இரும்புப் பகுதி ஒன்றில் கை வையுங்கள், உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்கிவிடும். மூடியை மெல்லத் திருகுங்கள். "உஸ்" என்ற சத்தம் வருவது இயல்புதான்.

பட்டையின் முனை சில வண்டிகளில் மூடிக் கதவின் துளைக்குள் செருகிய பிளாஸ்டிக் குமிழாக இருக்கும். பின்பக்கம் பிளையரால் லேசாக அமுக்கித் தள்ளினால் வந்துவிடும். சிலவற்றில் குழாயின் கழுத்தைச் சுற்றிய வளையமாக இருக்கும், கையாலேயே உருவலாம். குழாய் விளிம்பைப் பஞ்சு உதிராத துணியால் துடையுங்கள். ஒரு மணல் துகள் இருந்தாலும் அடைப்பு சரியாக விழாது. புதிய மூடியை வைத்ததும் முதலில் இடப்பக்கம் கொஞ்சம் திருப்புங்கள். மரை "டொக்" என்று இறங்குவது கைக்குத் தெரியும். அப்புறம் வலப்பக்கம் திருகினால் மரை குறுக்கே ஏறாது. டிக் டிக் என்று இரண்டு மூன்று முறை கேட்கும்வரை இறுக்குங்கள்.

மூடியபிறகு மூடியைச் சுற்றியுள்ள குழிக்குள் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அடியிலுள்ள வடிகால் துளை வழியே கீழே சொட்ட வேண்டும். தேங்கி நின்றால் துளையில் மண் அடைத்திருக்கிறது, மெல்லிய பிளாஸ்டிக் குச்சியால் குத்திவிடுங்கள்.

மூடி சரியில்லாததால் டாஷ்போர்டில் செக் எஞ்சின் லைட் எரிந்திருந்தால் மாற்றிய உடனே அணையாது. சில நாள் ஓட்டியபிறகு தானாக அணையும். அதற்குப் பிறகும் எரிந்தால் மெக்கானிக்கிடம் காட்டி ஸ்கேன் பார்க்கச் சொல்லுங்கள், கசிவு வேறெங்காவது இருக்கலாம்.