கொழிஞ்சாம்பாறைத் தம்பிக்கு, ஷார்ஜா வேலை பற்றி

தம்பி, ஷார்ஜாவில் மருந்துக் கிடங்கு ஒன்றில் சேர்ந்து நான்காவது மாதம் நடக்கிறது என்றும், உடன் பணிபுரியும் மூத்த ஊழியர் தம்முடைய தவறுகளுக்கான பழியை உங்கள் தலையில் போட்டு, நீங்களும் பாலக்காடு மாவட்டத்துக்காரர்தான் என்று தெரிந்தே எல்லார் முன்னிலையிலும், தமிழரை மலையாளிகள் இழிவாகச் சொல்லும் "பாண்டி" என்ற சொல்லால் ஏளனம் செய்கிறார் என்றும் எழுதி, ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதே மாவட்டத்தின் சித்தூர் வட்டத்திலிருந்து வந்து இங்கேயே குடும்பத்தோடு நிலைத்துவிட்ட நான் சொல்வது இதுதான்: முடிவெடுக்குமுன் உங்கள் மேலாளர் எப்படிப்பட்டவர் என்று பாருங்கள். இத்தகைய ஊழியர் எங்கும் இருப்பார். அவரை வளரவிடுவதும் அடக்கி வைப்பதும் மேலே இருப்பவர் கையில்தான் உள்ளது.

எனக்கு வாய்த்த மேற்பார்வையாளர், இருப்பில் பெட்டிகள் குறைந்தபோது யார் செய்தது என்று கத்தவில்லை. டெலிவரி நோட்டைக் கையில் பிடித்தபடி எங்களோடு ரேக் ரேக்காக நடந்து எண்ணி, ஒரே நிற அட்டைப்பெட்டிகளில் இரண்டு பேட்ச்கள் கலந்து கிடந்ததைக் கண்டறிந்து, அன்றே அவற்றுக்குத் தனித்தனி இடம் ஒதுக்கினார். அதன்பின் எங்களுக்குள் பழி போடும் பேச்சே குறைந்துபோயிற்று.

அந்த ஊழியரிடம் தனியாக, மலையாளத்திலேயே, அப்படி அழைக்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லுங்கள். தொழிலாளர் தங்கும் கேம்ப் அறையில் தமிழர்களைத் திரட்டி அணி சேர்க்காதீர்கள்; இரண்டு அணியாகிவிட்டால் நியாயம் யார் பக்கம் என்று எவரும் பார்க்கமாட்டார்கள். ஷிஃப்ட் மாறும்போது பேட்ச் எண், காலாவதித் தேதி, பெட்டிக் கணக்கு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி அவரிடமே கையெழுத்து வாங்குங்கள்.

அப்படியும் தொல்லை தொடர்ந்தால், அந்தப் பதிவுகளோடு மேலாளருக்கு எழுத்தில் முறையிடுங்கள். 2022 பிப்ரவரி 2 முதல் நடப்பிலுள்ள ஐக்கிய அரபு அமீரகத் தொழிலாளர் சட்டம், முதலாளி, மேலதிகாரி, சக ஊழியர் ஆகிய எவரும் ஒரு தொழிலாளியைச் சொல்லாலோ செயலாலோ துன்புறுத்துவதைத் தடை செய்கிறது. மேலாளர் பாராமுகமாக இருந்தால் மனிதவள அமைச்சகத்தில் புகார் செய்ய வழி உண்டு. அத்தகைய மேலாளரிடம் ஆண்டுக்கணக்கில் பொறுத்திருக்கும்படி நான் சொல்லமாட்டேன், வேறு வேலை தேடுங்கள். ஆனால் தகுதிகாண் காலம் 6 மாதம் வரை இருக்கலாம் என்பதால், நீங்கள் இன்னும் அதற்குள் இருக்கக்கூடும். அப்படியானால், இங்கேயே வேறு நிறுவனத்துக்கு மாற 1 மாதமும், நாட்டைவிட்டுச் செல்ல 14 நாளும் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கோபத்தில் சொல்லாமல் விமானம் ஏறிவிட்டால், புறப்பட்ட நாளிலிருந்து 1 ஆண்டுக்கு இங்கே வேலை அனுமதி கிடைக்காது.