பழைய ஓலைச்சுவடி தமிழ் மாதிரி தெரிகிறது, ஆனால் படிக்க வரவில்லையே, ஏன்?

பெரும்பாலும் அது கிரந்த எழுத்தில் எழுதிய சமஸ்கிருதமாக இருக்கும். தமிழ்நாட்டில் சமஸ்கிருதத்தை எழுத நூற்றாண்டுகளாகப் பயன்பட்டது கிரந்தம்தான், தேவநாகரி பரவலானது அச்சு வந்த பிறகு. நாம் இன்று எழுதும் ஜ, ஷ, ஸ, ஹ எல்லாம் அங்கிருந்து வந்தவை, அதனால்தான் பாதி எழுத்து தெரிந்த முகமாக இருக்கும், மீதி குழப்பும்.

உள்ளே ஜோதிடமோ சடங்கு முறையோ இருக்க வாய்ப்பு அதிகம். இவை தொழிலுக்கு அன்றாடம் தேவைப்பட்டவை, கையாண்டு ஓலை நைந்ததும் அடுத்த தலைமுறை பிரதி எடுத்தது. காவியம், நாடகம் என்றால் படித்தவர்கள் வீட்டில்தான், அதுவும் பல நேரம் உரையோடு. சாதாரணக் கட்டு என்று ஒதுக்கிவிட வேண்டாம், தொலைந்துபோனதாக நினைத்திருந்த அர்த்தசாஸ்திரமே 1905-ல் மைசூரில் இப்படிப்பட்ட கிரந்த ஓலையில்தான் கிடைத்தது!

கடைசி ஓலையை முதலில் பாருங்கள். எழுதியவர் பெயர், மாதம், நட்சத்திரம் சில சமயம் இருக்கும். ஆண்டு மட்டும் 'விபவ', 'பிலவ' என்று போட்டிருந்தால் சிக்கல், அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வரும்.

அப்புறம், தண்ணீரில் துடைக்காதீர்கள், லேமினேட் செய்யவே கூடாது. ஓலைகளின் வரிசையைக் கலைக்காமல் படம் எடுத்துக்கொண்டு, தஞ்சை சரஸ்வதி மகாலிலோ சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலோ காட்டலாம். சைவ ஆகமம் போலத் தெரிந்தால் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம்தான் சரியான இடம்.